கேட்பாரற்ற இசைத்தட்டுகள்

கவனிக்கப்படாமல் போன கலைப்படைப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இரண்டு விதமான அசட்டுத்தனங்களைக் காணலாம். நல்லதாக இருந்திருந்தால் தானாகவே வெளியே வந்திருக்குமே என்று சொல்வது ஒன்று. யாரும் கவனிக்கவில்லையா, அப்படியானால் அது நல்லதாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பது மற்றொன்று. முதல் கட்சியில் வியாபாரிகள் அதிகம்; இரண்டாவது கட்சியில் இளைஞர்கள் அதிகம். நாவல்களை முன்னிட்டு இந்த இரண்டு கட்சிக்காரர்களுடனும் நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை நாவல்களை விட்டுவிட்டு, எனக்குப் பல வருஷங்களாகப் பிரியமாக இருந்து வருகிற வேறொரு விஷயத்தை வைத்துக்கொண்டு அதே கேள்வியைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டு, விற்காமல் போய், மறக்கப்பட்டு, பிறகு யாரோ சிலரால் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட ராக் இசைத்தட்டுகளைத்தான் சொல்கிறேன்.

இவற்றில் முற்பட்டவற்றுக்குக் கராஜ் ராக் என்று பெயர். 1964-ல் பீட்டில்ஸ் கோஷ்டி இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய பிறகு, அந்த நாட்டில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கிதாரும் டிரம்மும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்குள்ளே வாசித்தால் அப்பா அம்மா பொறுக்கமாட்டார்கள். ஆகவே கார் ஷெட்டில் போய் வாசித்தார்கள். பெயர் வந்தது அதனால்தான். பெரும்பாலோர் ஒன்றிரண்டு பாட்டுகளைச் சின்னத் தட்டாக வெளியிட்டார்கள். பக்கத்து ஊர் ரேடியோவில் நாலு நாள் கேட்டது. பிறகு காலேஜுக்கோ பட்டாளத்துக்கோ போய்விட்டார்கள். அந்தக் குப்பையைக் கிளறி, 1972-ல் லென்னி கே என்பவர் இருபத்தேழு பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, எலெக்ட்ரா கம்பெனி மூலம் ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டைத் தட்டாக வெளியிட்டார். தங்கக் கட்டிகள் என்று அர்த்தம். அதன் முன்னுரையில் அவர் ‘பங்க் ராக்’ என்ற சொல்லை உபயோகித்தார். நாலு வருஷம் கழித்து, 1976-ல், லண்டனிலும் நியூயார்க்கிலும் அதே பெயரில் ஓர் இயக்கமே தலையெடுத்தது.

‘நக்கெட்ஸ்’ நல்ல தொகுப்புதான். ஆனால் அதை வைத்து ஒன்றும் நிரூபித்துவிட முடியாது. ஒரே ஒரு நல்ல பாட்டு யாருக்கும் அதிர்ஷ்டவசமாக அமைந்துவிடலாம். ஒரே ஒரு நல்ல சிறுகதை எழுதிவிட்டு ஓய்ந்துபோனவர்கள் இல்லையா? அரைமணி நேரம் ஓடுகிற ஒரு முழு எல்.பி. தட்டு என்றால் அப்படியில்லை. தற்செயலாகக் கிடைத்த ஆவேசம் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளுக்குத் தாங்காது. செய்கிறவனுக்கு ஏதாவது ஒரு பார்வை இருந்தாக வேண்டும். அதனால்தான் முழுத் தட்டுகளையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸானிக்ஸ். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா என்று ஓர் ஊர் இருக்கிறது. துறைமுகம் உள்ள, அந்தக் காலத்தில் காகிதக்கூழ் ஆலையும் இருந்த தொழிலாளர் ஊர். அந்த ஆலையின் நாற்றம் அந்தப் பக்கத்தில் பழமொழி மாதிரி இருந்தது. அங்கே பரிபா சகோதரர்கள் இருவரும், ஜெர்ரி ராஸ்லி என்ற பாடகரும், ராப் லிண்ட், பாப் பென்னெட் என்ற இருவரும் சேர்ந்த கோஷ்டி ஸானிக்ஸ். 1965-ல் எட்டிக்கெட் என்ற உள்ளூர்க் கம்பெனி அவர்களுடைய முதல் எல்.பி.யை வெளியிட்டது. பன்னிரண்டு பாட்டுகள். அவற்றில் எட்டு மற்றவர்கள் ஏற்கனவே பாடிப் பிரசித்தமானவை, நாலுதான் சொந்தம்.

அந்த நாலில் என்ன விஷயம்? ஒன்றில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் சூனியக்காரி என்று எச்சரிக்கை. ஒன்றில் பைத்தியம் பிடித்தவனின் கதறல். இன்னொன்றில் ஒருவன் விஷத்தை ருசித்துக் குடிக்கிறான். எழுதிப் பார்த்தால் விளையாட்டுப் பிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஸ்லியின் தொண்டையிலிருந்து அது கிளம்பும்போது விளையாட்டாக இல்லை. ரிகார்டு செய்கிற யந்திரத்தில் முள் ஓர் எல்லையைத் தாண்டினால் சப்தம் சிதைந்துவிடும்; தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில் தெரிந்தவனின் கடமை. இந்தத் தட்டில் முள் அந்த எல்லைக்கு அந்தப்புறத்திலேயே குடியிருக்கிறது. டிரம் கதவை உடைக்கிற மாதிரிக் கேட்கிறது. கிதாரின் நாதம் கிழிந்து தொங்குகிறது. சுருதி சுத்தமாகக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு முதல் இரண்டு நிமிஷம் இது வெறும் இரைச்சல். மூன்றாவது நிமிஷத்தில், இரைச்சலுக்குள்ளே லயம் கொஞ்சமும் பிசகாமல் நிற்பது தெரிகிறது. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனுக்கும் குடித்தவன் மாதிரி நடிக்கிற தேர்ந்த நடிகனுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்தப் பையன்களுக்கு வாசிக்கத் தெரியும்.

இதற்கு ருசு வேண்டுமானால் 1967-ல் வந்த அவர்களுடைய மூன்றாவது தட்டைக் கேட்கலாம். வேறு கம்பெனி, ஹாலிவுட்டில் நல்ல ஸ்டூடியோ, எல்லாம் சுத்தம். அதில் ஸானிக்ஸைத்தான் காணோம். வீடு பெருக்குகிறவள் தூசியோடு மோதிரத்தையும் சேர்த்துக் குப்பையில் தள்ளிவிட்ட கதை. கோஷ்டி பிறகு கலைந்தது. ராப் லிண்ட் விமான ஓட்டியானார். மற்றவர்களும் ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2007-ல், நியூயார்க்கில் ஒரு விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். 2015-ல் ஒரு புதிய தட்டே வெளிவந்தது. அறுபதுகளில் பிறந்தே இராத பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இரண்டாவது தட்டின் கதை இன்னும் விசித்திரமானது. மேற்கு ஜெர்மனியில், கெல்ன்ஹௌஸன் என்ற ஊரில் பாசறையிலிருந்த ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள், பட்டாள வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, பீர் கடைகளிலும் நடன அரங்குகளிலும் இரவெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஜெர்மானியர்கள் அவர்களைப் பார்த்து, உங்களை வேறு விதமாக்கிக் காட்டுகிறோம் என்று முன்வந்தார்கள். நீளத் தலைமயிர்தான் நாகரிகம் என்றிருந்த காலத்தில், ஐந்து பேரும் உச்சந்தலையை மழித்துக்கொண்டு, கறுப்பு உடை உடுத்து, கழுத்தில் டைக்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேடையேறினார்கள். மங்க்ஸ், அதாவது துறவிகள், என்று பெயர். 1966-ல் பாலிடார் கம்பெனி அவர்களுடைய ஒரே எல்.பி.யான ‘பிளாக் மங்க் டைம்’ தட்டை ஜெர்மனியில் வெளியிட்டது. விற்கவில்லை. சொந்த நாடான அமெரிக்காவில் அப்போது அது வெளிவரவே இல்லை.

மொட்டையும் கயிறும் விளம்பர யுக்திகள். அவற்றோடு நின்றிருந்தால் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் சங்கீதத்திலும் அதே மொட்டையைப் போட்டுவிட்டார்கள். இனிமையான மெட்டா, எடுத்துவிடு. ஜாலராவின் பளபளப்பா, அதையும் எடுத்துவிடு. கிதாரில் ஒன்றைக் குறைத்துவிட்டு, மின்சாரம் சேர்த்த பாஞ்சோவைத் தாளவாத்தியம் மாதிரி அடித்தார்கள். வார்த்தைகளைக்கூட மிச்சம் பிடித்தார்கள். ஒரு பாட்டில் பத்துப் பதினைந்து சொற்கள். அவற்றையே திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். காதலித்து உருகுகிற பாட்டுகளின் காலத்தில், ‘நான் உன்னை வெறுக்கிறேன்’ என்று தலைப்பிட்டு ஒரு பாட்டு. முதல் பாட்டிலேயே வியட்நாம் யுத்தத்தின் மீது எரிந்து விழுகிறார்கள். நேற்றுவரை அந்தப் பட்டாளத்துச் சோற்றைத் தின்றவர்கள் பாடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் காரம் தெரியும்.

பன்னிரண்டு பாட்டுகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் சில பாட்டுகள் ஒன்றையொன்று நகல் செய்கின்றன. ஆனால் இவ்வளவு தைரியமாகக் கழித்துக் கழித்து ஒரு வடிவத்தை அடைந்த தட்டு, அந்த வருஷத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சேர்ப்பது சுலபம், எதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது இன்னும் பலமாக நிற்கும் என்று கண்டுகொள்வதுதான் கஷ்டம். 1967-ல் மங்க்ஸும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, மென்மையான ஒரு சின்னத் தட்டை வெளியிட்டுப் பார்த்தார்கள். அதுவும் விற்கவில்லை. அந்த வருஷமே கலைந்தார்கள். பாடகர் கேரி பர்கர் பின்னாளில் மின்னிஸோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றூருக்கு மேயராக இருந்தார். 1999-ல் நியூயார்க்கில் ஐவரும் மறுபடி சேர்ந்து வாசித்தபோது, பாட்டுகளை மனப்பாடமாகக் கூடப் பாட ரசிகர்கள் தயாராக இருந்தார்கள்.

மூன்றாவது தட்டைப் பற்றி எழுதுவதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அதன் கதை அவ்வளவு உருக்கமானது. கதையைச் சொன்னால் தட்டைக் கேட்கமாட்டார்கள். டெட்ராய்ட் நகரத்து நீக்ரோ குடும்பம் ஒன்றில் பிறந்த டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்ற மூன்று சகோதரர்கள் 1975-ல் ஏழு பாட்டுகளை ரிகார்டு செய்தார்கள். மோடவுன் கம்பெனி பிறந்த ஊர் அது. கறுப்பு நிறத்துப் பையன்கள் என்றால் மோடவுன் மாதிரி இனிக்க இனிக்கப் பாடவேண்டும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும். இவர்களோ மின்னல் வேகத்தில் கிதாரைப் பிடித்து அறைந்தார்கள். கோஷ்டிக்கு டெத், அதாவது மரணம், என்று பெயர் வைத்தார் மூத்தவரான டேவிட். 1974-ல் தகப்பனார் விபத்தில் இறந்துபோயிருந்தார். மரணத்தைப் பயமில்லாமல் பார்க்கவேண்டும் என்பது டேவிட்டின் எண்ணம். கிளைவ் டேவிஸ் என்ற இசைத்தட்டு முதலாளி பெயரை மாற்றினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் என்றும், டேவிட் மறுத்துவிட்டார் என்றும் சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1976-ல் சொந்தச் செலவில் இரண்டே பாட்டுகளை ஐந்நூறு பிரதி அடித்தார்கள். அவ்வளவுதான். டேவிட் 2000-த்தில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். சாவதற்கு முன்னால் அந்த நாடாக்களைத் தம்பியிடம் ஒப்படைத்து, உலகம் ஒருநாள் இவற்றைத் தேடிக்கொண்டு வரும் என்று சொன்னாராம். 2009-ல் டிராக் ஸிட்டி என்ற கம்பெனி ஏழு பாட்டுகளையும் தட்டாக வெளியிட்டது. உலகம் தேடிக்கொண்டுதான் வந்தது. 2012-ல் அவர்களைப் பற்றி ஒரு சினிமாப் படமும் வெளிவந்தது.

கதையை மறந்துவிட்டு, ‘பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்’ என்ற பாட்டைக் கேட்கவேண்டும். கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் ஓடுகிறது. வேகமாகப் போய்க்கொண்டிருப்பது சட்டென்று நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி பாய்கிறது. யுத்தத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அரசியல்வாதிகள்மீது கோபம்; ஆனால் கோபத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பங்க் என்று பிற்பாடு பெயர் பெற்ற வேகம் இதில் முழுசாக இருக்கிறது. அந்த இயக்கத்தின் முதல் பிரசித்தமான தட்டை ராமோன்ஸ் வெளியிட்டது 1976-ல்தான். இருந்தாலும், முதலில் செய்தவர்கள் என்பதற்காக ஒரு தட்டைப் புகழ்வது சரித்திரக்காரர்களின் வேலை. நான் புகழ்வது அதற்காக அல்ல. டேவிட்டின் கிதாரில் இங்கிலாந்துக் கோஷ்டியான ஹூவின் சாயல் அங்கங்கே தெரிகிறது. ஓரிரண்டு பாட்டுகள் முற்றுப்பெறாத நகல் மாதிரி இருக்கின்றன. அதையெல்லாம் தள்ளினாலும் மூன்று பாட்டுகள் நிற்கும். அந்த மூன்றுக்கு எந்தக் கதையின் ஒத்தாசையும் தேவையில்லை.

டேவிட் பெயரை மாற்றியிருக்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. பெயரில் என்ன இருக்கிறது, பாட்டு அதே பாட்டுத்தானே என்பார்கள். ஆனால் எடுத்தவுடனே பெயரை மாற்றச் சொல்கிறவன் அடுத்தபடியாக வேகத்தைக் குறைக்கச் சொல்வான், அதற்கடுத்தபடியாக இனிமையாகப் பாடச் சொல்வான். ஸானிக்ஸின் மூன்றாவது தட்டு எப்படி வந்தது என்று பார்த்தோம். டேவிட்டின் பிடிவாதம் அவருக்கு ஒரு வாழ்நாளைச் செலவு வைத்தது. தட்டைக் காப்பாற்றியும் கொடுத்தது. இது நியாயமான விலையா என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் இருந்திருந்தால் அவரைக் கேட்கலாம்.

லண்டன் தட்டு ஒன்றையும் சொல்லவேண்டும். ரெயின்கோட்ஸ் என்ற பெண்கள் கோஷ்டி 1979-ல் ரஃப் டிரேட் கம்பெனி மூலம் வெளியிட்ட முதல் எல்.பி. இதில் இரைச்சல் குறைவு. பிடில் ஒரு பக்கம் கீச்சிடுகிறது. தாளம் ஓடி முன்னால் போய், நின்று, மற்றவர்கள் வந்து சேருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறது. நாலு சிநேகிதிகள் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டு தெருவில் நடந்துபோகிற மாதிரி இருக்கிறது. ஆணின் குரலையே உரத்துக் கேட்டுப் பழகிய ராக் சங்கீதத்தில், பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தொனி இதில்தான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தட்டைத் தேய்கிற வரைக்கும் கேட்டவர்களில் நிர்வாணா கோஷ்டியின் கர்ட் கோபேனும் ஒருவர். 1992-ல் லண்டனில் வேறு பிரதி தேடிக்கொண்டு போனபோது, கோஷ்டியைச் சேர்ந்த அனா ட ஸில்வா ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை அவர் எழுதியதன் பேரில்தான் ரெயின்கோட்ஸின் தட்டுகள் மறுபதிப்புக் கண்டன.

இத்தனை பேரைப் புகழ்ந்த பிறகு, என்னால் புகழ முடியாத ஒரு தட்டையும் சொல்லிவிட வேண்டியது நியாயம். ஷாக்ஸ் என்ற மூன்று சகோதரிகள் 1969-ல் செய்த ‘பிலாஸபி ஆஃப் தி வோர்ல்ட்’. மறக்கப்பட்ட தட்டுகளைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்ற கிராமம். தகப்பனார் ஆஸ்டின் விக்கினின் கையைப் பார்த்து அவருடைய தாயார், உன் பெண்கள் சங்கீதத்தில் பேர் வாங்குவார்கள் என்று ஜோசியம் சொன்னாராம். அதை நம்பி அவர் பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வாத்தியம் வாங்கிக் கொடுத்து, தினமும் சாதகம் செய்ய வைத்து, கைத்தேர்ச்சி வருமுன்பே ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். டிரம் ஒரு தாளத்தில் போகிறது. கிதார் வேறொரு தாளத்தில் போகிறது. குரல் இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. 1975-ல் தகப்பனார் இறந்தார். பெண்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். 1980-ல் தட்டு மறுபதிப்பு வந்தது; மேதைகள் என்று ஒரு கூட்டம் கொண்டாட ஆரம்பித்தது.

எனக்கு இந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. ரெயின்கோட்ஸின் தாளம் தடுமாறும்போது, தடுமாறுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அந்த வழியில் நடக்கிறார்கள். மங்க்ஸ் வேண்டாமென்று எடுத்துவிட்டதை, இந்தப் பெண்களுக்கு யாரும் முதலில் கொடுக்கவே இல்லை. இல்லாமை வேறு, துறவு வேறு. ஷாக்ஸின் பாட்டுகளில் ஒரு கள்ளமின்மை இருக்கிறது. காணாமல் போகிற செல்லப் பிராணியைப் பற்றிய பாட்டைக் கேட்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. ஆனால் இளகுவது அந்தக் குழந்தைகளுக்காக, சங்கீதத்துக்காக அல்ல. மேதைகள் என்று அவர்களைக் கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் உள்ளூரச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். புறக்கணிப்பைவிட இந்த மாதிரிப் பாராட்டு கொடியது. மறுபடியும் அவர்களைக் கேட்காமலிருப்பதற்கு அது ஒரு வழி.

இப்படிப் பார்த்தால் நான் முதலில் சொன்ன இரண்டு கட்சிகளுக்கும் பதில் கிடைக்கிறது. நல்லது தானாக வெளியே வராது. லென்னி கே ஒருவர் பொறுக்கி எடுத்தார். கோபேன் ஒருவர் தட்டைத் தேய்த்தார். பாபி ஹாக்னியின் பிள்ளைகள் தங்கள் தகப்பனார் வாய் திறந்து சொல்லாத பழைய தட்டைப் பற்றி ஊரார் பேசக் கேட்டு, வீட்டு நாடாக்களைத் தேடினார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு தனி ஆள், காதும் பிடிவாதமும் உள்ள ஆள், தேவைப்பட்டிருக்கிறார். அப்படி ஒருவர் வாய்க்காமல் இன்னும் பரணிலேயே கிடக்கிற தட்டுகள் இருக்கத்தான் வேண்டும். அதே சமயம், பரணில் கிடப்பதெல்லாம் தங்கமும் அல்ல. புழுதியைத் துடைத்தபின் ஒரு தடவை கேட்டாக வேண்டும். கேட்டபின், பிடிக்கவில்லை என்றால் அப்படியே சொல்லவும் வேண்டும்.

தாமதமாக வந்த புகழைப் பற்றிப் பேசும்போது, கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது என்று ஆறுதல் சொல்வது வழக்கமாகிவிட்டது. யாருக்குக் கிடைத்தது? டேவிட் ஹாக்னிக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது, முப்பது வருஷம் கழித்து, உட்கார்ந்த இடத்தில், சுலபமாக. அதை நியாயம் என்று சொல்லிக்கொள்வதைவிடக் கடன் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கடனைத் திருப்பித் தர ஒரு வழிதான் தெரிகிறது. யாரும் பேசாத ஒன்று கைக்குக் கிடைத்தால், செய்தவன் உயிரோடிருக்கும்போதே அதைக் கேட்பது, படிப்பது, அபிப்பிராயத்தை உரக்கச் சொல்வது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஸானிக்ஸின் 1965 தட்டு முதலில். அது பிடித்தால் மங்க்ஸ். அதுவும் பொறுக்குமானால் டெத். ரெயின்கோட்ஸுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்று நாலு தடவை கேட்டபின்தான் கதவைத் திறப்பார்கள். நான் இங்கே சொன்ன கதைகளையெல்லாம், முடிந்தால், தட்டு ஓடுகிற அரைமணி நேரத்துக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.